சோடியத்தின் பக்கம் நிற்கிறேன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

'நாளைய அணு உலைக்கு ஏற்றது திரவ சோடியமா, உருகிய உப்பா?' இதுதான் தலைப்பு. உலையின் வெப்பத்தை வாங்கி வெளியே கொண்டுபோக எது நல்லது என்பதுதான் கேள்வி. எதிரணி நண்பர் உப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசினார். மீதி நேரம் எங்கள் சோடியத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "தண்ணீரைக் கண்டால் தீப்பிடிக்கிற மருமகளை யாராவது வீட்டுக்குள் கூட்டி வருவார்களா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அந்த மருமகள் கதையைக் கேளுங்கள். 1986 ஏப்ரல் 3. அமெரிக்காவின் ஐடஹோ. இபிஆர்-2 என்ற சோடிய உலை முழுத் திறனில் ஓடுகிறது. ஆபத்து வந்தால் உலையை நிறுத்தும் ஏற்பாட்டைச் சோதனைக்காக விலக்கி வைத்தார்கள். அப்புறம் சோடியத்தை ஓட்டும் பம்புகளையே நிறுத்தினார்கள். ஐயா, பம்பு நின்றுவிட்டது! அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு இறங்கவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. வெப்பம் ஏறுகிறது... ஏறுகிறது... அந்த வெப்பத்தில் உலைக்குள் இருந்த உலோகம் விரிந்தது. விரிந்ததும் நியூட்ரான்கள் கூடுதலாகத் தப்பின, அணுப்பிளவு குறைந்தது. உலை தானாக அடங்கிவிட்டது!

ஒரு தடவை நடந்தது தற்செயல் என்பீர்களா? அன்று மதியமே உலையை மறுபடி முழுத் திறனுக்கு ஏற்றினார்கள். இந்தத் தடவை வெப்பம் வெளியே போகும் வழியை அடைத்தார்கள். மறுபடியும் அடங்கியது! காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, நடுவர் அவர்களே! கோபக்காரி என்று பெயர் வாங்கியவள், வீடே கைவிட்ட நாளில் தானும் அடங்கி வீட்டையும் காத்தாள்.

ஜப்பானின் மோஞ்சு சோடிய உலையில் 1995 டிசம்பரில் வெப்பமானி உறை ஒடிந்து, சோடியம் ஒழுகித் தீப்பிடித்தது. மறுக்கவில்லை. ஆனால் ஒழுகியது கதிரியக்கச் சோடியம் அல்ல, இரண்டாம் சுற்றுச் சோடியம். உலைச் சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்தச் சுற்றை வைத்ததே இப்படி ஒரு நாளுக்காகத்தான்.

உப்பு உலை? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1965 முதல் 1969 வரை ஓடியது. எரிபொருளே உப்பில் கரைந்து குழாயெல்லாம் சுற்றும். அணுப்பிளவில் உண்டாகும் டெலூரியம் பட்டு உலோகத்தில் விரிசல் கண்டது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் கல்பாக்கத்தின் சோதனை ஈனுலையும் சோடிய உலைதான். அது 1985 அக்டோபரில் உயிர்பெற்றது, நம் ஆட்களே உருவாக்கிய கார்பைடு எரிபொருளோடு. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கல்பாக்கத்தில் வெல்டராக இருந்தவர். "ஊசிமுனை ஓட்டை போதும் தம்பி, சோடியம் தண்ணியத் தேடிப் போயிடும்" என்பார். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், பற்றவைத்ததை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாராம். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார்.

அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பை அந்தக் கைகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.