கவாத்துக் கத்தரி

எல்லாருக்கும் வணக்கம். இந்த அரங்கில் பூ விவசாயம் பார்க்கிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். அதனால் மூளைக்குப் போகும் முன், மல்லிகைத் தோட்டத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

இங்கே வேலூருக்குப் பக்கத்தில், அணைக்கட்டு என்ற ஊரில், எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அரை ஏக்கர் மல்லிகை இருந்தது. கார்த்திகை பிறந்தால் கத்தரியோடு இறங்கிவிடுவார். பச்சைக் கிளைகள் சரசரவென்று விழும். சின்ன வயதில் எனக்கு அழுகை வரும். “கவாத்து பண்ணாத செடி இலையாத்தான் வளரும், பூக்காது” என்பார்.

குழந்தையின் மூளையிலும் கவாத்து உண்டு. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று கைகோர்க்கும் இணைப்புகளை மூளை முதலில் அள்ளித் தெளிக்கிறது. நெற்றிப் பகுதியில், ஒன்றிரண்டு வயதில், பெரியவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நெருக்கமாக இணைப்புகள் இருக்கும். அப்புறம் பயன்படுகிறவை வலுப்பட, பயன்படாதவை வெட்டுப்படுகின்றன. இது பதின்ம வயதைத் தாண்டியும் நடக்கும்.

சரி, கத்தரியைப் பிடித்திருப்பது யார்? மைக்ரோகிளியா என்ற குட்டி செல்கள். 1919-இல் ரியோ ஒர்டேகா என்ற ஸ்பெயின்காரர் வைத்த பெயர் அது. கிருமியையும் கழிவையும் விழுங்குகிற காவல்காரர்கள் என்றுதான் அவற்றை நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2007-இல் பெத் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பென் பாரஸின் ஆய்வகத்தில் இருந்தபோது, ஒன்றைக் கண்டார். ரத்தத்தில் கிருமிகளின் மேல் ஒட்டி அடையாளம் போடும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. 2012-இல் பாஸ்டனில் அவருடைய குழு அடுத்த படியைக் காட்டியது: அடையாளம் விழுந்த இணைப்புகளை மைக்ரோகிளியா விழுங்குகிறது.

2016-இல் அதே குழு வெளியிட்டதுதான் என்னை உலுக்கியது. நினைவைத் தின்னும் அல்சைமர் நோய் வரும்படி ஆய்வுக்காக உருவாக்கிய எலிகளின் மூளையில், அந்த நோயின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதப் படிவுகள் திரள்வதற்கு முன்பே, அந்தப் பழைய அடையாளம் மறுபடி விழுகிறது. அதே செல்கள் வந்து நல்ல இணைப்புகளையே விழுங்குகின்றன. அடையாளப் புரதத்தைத் தடுத்தால் இணைப்புகள் தப்பிக்கின்றன. எலிகளில் பார்த்தது இது, மனிதருக்கு மருந்தாகிவிடவில்லை. ஆனாலும் நினைத்துப் பாருங்கள். நம்மைச் செதுக்கிய கத்தரியேதான், கவாத்துக் காலம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, பூத்துக் குலுங்கும் கிளையில் விழுகிறது. தொட்டில் மூளையை ஆராய்ந்தவர் ஆயாவின் நோய்க்கு வந்து சேர்ந்த வழி அது.

அதனால்தான் சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’யை ஒரு முறையாவது பாருங்கள் என்கிறேன். 5,132 சீவல்களில் கரு மூளையின் முப்பரிமாண வரைபடம். இணையத்தில் இலவசம்.

ஆயாவுக்கு மறதி ஆரம்பித்தபோது அழைத்துப் போன இடத்தில், “வயசானா அப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பினோம். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறாரே என்று திட்டினோம். இரண்டு வருடம் அப்படியே போனது. அந்தத் திட்டுகளை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியா என்னும் நினைவிழப்போடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எத்தனை வீட்டில் எத்தனை திட்டு!

தயவுசெய்து சீக்கிரம் காட்டுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, விழுந்ததில் தலைக்குள் கட்டிய ரத்தம், இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இதே வேலூரில், சிஎம்சியில். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் தள்ளிப்போடலாமா?

கடைசிக் காலத்தில் ஆயாவுக்கு என் பெயர் போய்விட்டது. ஒரு மாலை, மடியில் உதிரிப் பூவைக் கொட்டினேன். வாழை நாரை இடது விரலில் சுற்றினார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுருக்கு. அடுத்த கண்ணி. ஒன்றுகூடத் தளரவில்லை. புது நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் பக்கம்தான் அல்சைமர் சீக்கிரம் கை வைக்கும். கைப்பழக்கம் மூளையில் வேறு இடங்களில் குடியிருப்பதால் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். கட்டி முடித்த சரத்தை என்னிடம் நீட்டி, “யாரு வூட்டுப் புள்ள நீ? வச்சுக்க” என்றார்.

மூன்றாவது வரிசையில் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்களே அம்மா, கேளுங்கள்.