க்யூடிஒய்னு மட்டும் எழுதாதீங்கப்பா!

வணக்கம் மக்களே. வேலூர் வெயிலைப் பத்தி நான் தனியா சொல்ல வேணாம், ஃபேன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. காட்பாடியில நம்ம சேனல் பாக்குற தம்பி ஒருத்தர், காய்கறி மண்டிக்கு எம்சிபி சர்வர் எழுதி அனுப்பியிருக்காரு. அதாவது, ஏஐ மாடல் நம்ம புரோகிராமை ஒரு டூலா அழைச்சு வேலை வாங்குறதுக்கான இணைப்பு. கோடு சுத்தம். புரோகிராமைப் பத்தி விளக்குற ரீட்மி ஃபைல் கல்யாணப் பத்திரிகை மாதிரி அலங்காரமா இருக்கு. டூலோட டிஸ்கிரிப்ஷன் மட்டும் என்ன தெரியுமா? "சரக்கு சேர்க்கும்." ரெண்டே வார்த்தை!

ரீட்மி மனுஷனுக்குங்க. எம்சிபியை 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்டதுல இருந்தே, மாடல் ஒரு டூலைத் தேர்ந்தெடுக்கப் பாக்குறது முக்கியமா மூணுதான். பேரு, டிஸ்கிரிப்ஷன், இன்புட் ஸ்கீமா (டூலுக்கு என்னென்ன விவரம் எந்த வடிவுல தரணும்ங்கிற பட்டியல்). அங்க எழுதாதது அதுக்குத் தெரியாது.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வரேன். ஸ்கீமாவுல ஒரு ஃபீல்டு: "க்யூடிஒய், நம்பர்". க்யூடிஒய்னா குவான்டிட்டி, அளவு. முடிஞ்சுது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் 12 வந்திருக்கு, ஏத்துன்னு சொன்னா, அந்த 12 இன்னா? கிலோவா, மூட்டையா? மண்டி கணக்குப்பிள்ளையா இருந்தா "மூட்டையாண்ணே?"ன்னு திரும்பிக் கேப்பாரு. ஏஜென்ட், அதாவது டூலை அழைச்சு வேலை செய்யுற ஏஐ, பல நேரம் கேக்காது, அதுவா ஒண்ணை முடிவு பண்ணிக்கும். ஓட்டிப் பாத்தா 12 மூட்டை 12 கிலோவா ஏறிக்கினு இருக்கு. எர்ரர் கிடையாது, பச்சை டிக் வேற! எர்ரர் வந்தாக்கூட தேவலைங்க, தப்பு தப்புன்னு தெரிஞ்சுடும்.

சரி, எப்படி எழுதணும்? "அலகு"ன்னு தனி ஃபீல்டு. கட்டாயம்னு ரிக்வயர்டுல போடுங்க. ஈனம் (enum, இந்த மதிப்பு மட்டும்தான்னு பூட்டுற பட்டியல்) வெச்சு ரெண்டே மதிப்பு, கிலோ, மூட்டை. மூட்டைன்னா "மூட்டை_எடை"யும் வேணும். அதுக்கு 40னு டீஃபால்ட் வெச்சுடலாமேன்னு தோணும். வெக்காதீங்க. மூட்டை எடை காய்க்குக் காய் மாறும், டீஃபால்ட் இருந்தா மாடல் வாயைத் திறக்காம அதையே எடுத்துக்கும்.

டிஸ்கிரிப்ஷனை நான் மாத்தினது இதான், படிக்கிறேன்: "மண்டியில் வந்து இறங்கிய காயை இருப்பில் ஏற்றும். ஏற்கெனவே ஏற்றியதைத் திருத்த இதை அழைக்காதே, அதற்கு இருப்பு_திருத்து உள்ளது. பயனர் அலகு சொல்லாவிட்டால் கேள், ஊகிக்காதே. தேதி 2025-04-03 வடிவில், வருடம் முதலில். முடிந்ததும் ரசீது எண் தரும்."

இதுல ரெண்டாவது வரிதான் உசுரு. ஒரே மாதிரி ரெண்டு டூல் பக்கத்துல பக்கத்துல இருந்தா, எதை எப்ப தொடக்கூடாதுன்னு சொல்லலைன்னா மாறி மாறி அழைக்கும். தேதியும் அப்படித்தான். 03/04னு விட்டா ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? சத்தியமா யாருக்கும் தெரியாது.

எர்ரர் மெசேஜும் டாக்குமென்ட்தான், இதை யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. "தவறான உள்ளீடு"ன்னா அதே தப்பையே நாலு வாட்டி அனுப்பும். "அலகு 'பெட்டி' ஏற்கப்படாது, கிலோ அல்லது மூட்டை மட்டும்"னு சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் அடுத்த வாட்டியே சரி பண்ணிக்கும்.

கமாண்ட் லைன் டூலா இருந்தா, நடுவுல "தொடரலாமா?"ன்னு கேட்டு நிக்கக்கூடாது. ஏஜென்ட் அங்கயே தொங்கிடும். கேள்வி கேக்காம ஓட ஒரு ஃபிளாக் (கமாண்டோட சேத்து அடிக்கிற குறி), செய்யாம ஒத்திகை மட்டும் காட்ட ஒரு ஃபிளாக், ரெண்டையும் ஹெல்ப்லயே எழுதுங்க. வேலை தோத்தா, முடியும்போது டூல் திருப்பித் தர்ற எக்ஸிட் கோடு 0 வரவே கூடாது, 0ன்னா வெற்றின்னு அர்த்தம்.

அட, மறந்தே போச்சு, கொஞ்சம் பின்னாடி போறேன். ரசீது எண் சொன்னேன்ல? நெட் இழுத்து டைம்அவுட் ஆச்சுன்னா ஏஜென்ட் மறுபடி அழைக்கும். அதே லோடு ரெண்டு தரம் ஏறிடும். அதனால ஒவ்வொரு லோடுக்கும் ஒரு "கோரிக்கை_எண்" வாங்கிக்கோங்க. "அதே எண்ணில் மறுபடி அழைத்தால் புதிதாக ஏற்றாது, பழைய ரசீதையே தரும்"னு டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி சேருங்க. எழுதினா மட்டும் போதாது, கோடும் அப்படியே நடக்கணும்.

சோதிக்கிறதுக்குப் புது செஷன் திறங்க. பழைய சாட்டுல சோதிச்சா நீங்க முன்னாடி விளக்கினது அதுக்கு ஞாபகம் இருக்கும், டாக்குமென்ட் நல்லாருக்குன்னு நீங்களே ஏமாந்துடுவீங்க. 10 வேலை குடுங்க, அதுல குறைஞ்சது மூணு வேலை அரைகுறையா இருக்கட்டும். "கத்தரிக்காய் 12 ஏத்து", அவ்ளோதான். திரும்பிக் கேக்குதான்னு பாருங்க. கேக்கலைன்னா ஒரு வரியை மட்டும் மாத்தி மறுபடி ஓட்டுங்க. நாலு வரியை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

தம்பி, திருத்தினதை அனுப்பியிருக்கேன். "இருப்பு_நீக்கு"ன்னு இன்னொரு டூல் வெச்சிருக்கீங்களே, டிஸ்கிரிப்ஷனே காலியா... அதை அடுத்த வீடியோல வெச்சுக்கிறேன்.