லைவ்அபோர்ட் புக் பண்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

வணக்கம் மக்களே! டைவிங்குக்காக ஒரு வாரம் கடல்லயே தங்குற லைவ்அபோர்ட் படகு இருக்குல்ல, அதை எப்படிப் பார்த்து எடுக்கிறதுன்னு இன்னைக்குப் பேசலாம். நான் முதல்ல கேக்குறது ரீஃப் (பவளப்பாறை) பத்தி இல்ல, சுறா வருமான்னு இல்ல. "ராத்திரி எல்லாரும் தூங்கும்போது உங்க படகுல யார் முழிச்சிருப்பாங்க?" இதைத்தான் கேப்பேன்.

காரணம் இருக்கு. 2019 செப்டம்பர் 2, கலிஃபோர்னியாவுல சாண்டா குரூஸ் தீவு பக்கம் நங்கூரம் போட்டு நின்ன கன்செப்ஷன்ங்கிற டைவ் படகு, விடியறதுக்கு முன்னாடி தீப்பிடிச்சுது. கீழ்த்தளத்துல தூங்கிட்டிருந்த 34 பேரும் இறந்து போயிட்டாங்க. ராத்திரி சுத்திப் பாக்குற காவல் ஆளே போடல. கீழேருந்து வெளிய வர ரெண்டு வழி இருந்துச்சு. ஆனா ரெண்டுமே மேல இருக்கிற ஒரே ஹாலுக்குத்தான் போகும். அந்த ஹால்லதான் தீ.

அதனால படகுல ஏறினதும் பையை வெச்சுட்டு எமர்ஜென்ஸி வழியை நானே திறந்து பாப்பேன். ஒரு தடவை, கட்டிலுக்கு மேல இருந்த மூடியை ரெண்டு கையாலயும் தள்ளினேன், அசையவே இல்ல. மேல போய்ப் பார்த்தா அதுமேல லைஃப் ஜாக்கெட் மூட்டையா அடுக்கி வெச்சிருக்காங்க! சொன்னதும் எடுத்துட்டாங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல.

சார்ஜிங்கும் கேளுங்க. டார்ச், கேமரா எல்லாத்துலயும் லித்தியம் பேட்டரி, தீப்பிடிக்கலாம். ராத்திரி கேபின்ல சார்ஜ் போடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்ற படகு நல்ல படகு. அப்புறம் யாருக்காவது அவசரம்னா கொடுக்கிற ஆக்சிஜன்: பக்கத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குமான்னு கேளுங்க.

சரி, கூட்டம். எத்தனை பேர் வர்றாங்கங்கிற கணக்கை மட்டும் நம்பாதீங்க. பெரிய படகுல 24 பேர் தாராளமா இருக்கலாம், சின்னதுல 14 பேரே சிலிண்டர் மாட்டும்போது ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்குவாங்க. ஒரு கைடுக்கு எத்தனை பேர், டிங்கி (டைவ் பண்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போற சின்னப் படகு) எத்தனை, எல்லாரையும் ஒரே நேரத்துல இறக்குவீங்களா குழு குழுவாவா? இதைக் கேளுங்க. எனக்கு ஒரு கைடுக்கு நாலு பேர்தான். அதுக்கு மேல போனா தண்ணிக்குள்ள பாக்குறது மீனை இல்ல, முன்னாடி போறவரோட கால்ல மாட்டின ஃபின்னைத்தான்.

இன்னொண்ணு, தண்ணிக்குக் கீழயும் கூட்டம் உண்டு. பேர்போன இடத்துல ஒரே காலையில பல படகு வந்து நிக்கும். "அந்த இடத்துல மத்த படகு நிறைய இருந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. மாத்து இடம் பேர் சொல்லிச் சொன்னா, அவருக்கு அந்தக் கடல் தெரியும்.

கடைசி நாள் காலையில டைவ், சாயங்காலம் ஃபிளைட்னு பிளான் கொடுத்தா அந்தப் படகே வேணாம். பல நாள் டைவ் பண்ணினா பறக்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது 18 மணி நேரம் விடணும்.

இந்தக் கேள்வி எல்லாத்தையும் இந்த வருஷம் மூணு படகுக்கு மெயில் போட்டேன். ஒருத்தர் டிஸ்கவுண்ட் அனுப்பினார். ஒருத்தர் பதிலே போடல. மூணாவது ஆள், ராத்திரிக் காவல் நோட்டுல ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்: மணிக்கு மணி கையெழுத்து, அதிகாலை மூணு மணிக்கும் ஒண்ணு. அவர்கிட்டதான் புக் பண்ணியிருக்கேன்.