ஏலாவில் இறங்கிய வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் உட்கார்ந்து பேசுகிற, நாகர்கோவில் பக்கத்துக் கோணம் என்ற இந்த ஊருக்கு, சின்ன வயசில் ஆசாரிப்பள்ளம் பக்கமிருந்து வயல் வரப்பு வழியாக நடந்து வந்திருக்கிறேன். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் தொடங்கியது இங்கேதான். அப்போதும் நாகர்கோவில் எங்களுக்கு 'டவுண்'தான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டிய இடம். இன்று நாங்களே மாநகராட்சிக்குள் இருக்கிறோம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி நாலு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து, நாகர்கோவில் கன்னியாகுமரி மாவட்டத்தின் தலைநகரானது. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது. 1981-ல் திருநெல்வேலிப் பாதையும் திறந்தது. கோணத்தில் பாலிடெக்னிக் வந்தது. ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது. 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சியானது. ஆனால் ஊர் எப்படி மாறியது என்று கேட்டால், நான் மண்ணின் மேடு பள்ளத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

நம்ம மாவட்டத்தில் எத்தனை ஊர்ப் பெயர்கள் 'விளை' என்று முடிகின்றன, பாருங்கள். விளை என்றால் மேட்டு நிலம். செம்மண்ணில் தென்னை, பலா, மரச்சீனிக் கிழங்கு, நடுவில் வீடு. கீழே தாழ்ந்த இடம் ஏலா. அங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். அந்தக் காலத்தில் ஏலாவில் யாரும் வீடு கட்டியதில்லை. அது தண்ணீருக்கு விட்ட இடம்.

ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணை திறந்து, அனந்தனாறு சானல் என்கிற கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ராத்திரித் தூக்கம் கிடையாது. முறை வருகிற நேரம் அப்பா மண்வெட்டியோடு இறங்குவார். டார்ச் என் கையில். "லேய், பலகையை ரெண்டு விரக்கடை தூக்கு, போதும். கீழ உள்ளவனுக்கும் வேணும்லா" என்பார். வழவழத்த மடைக் கல்லும், பாசி பிடித்த பலகையும், அதன் அடியில் குமிழியிட்டு வரும் தண்ணீரின் குளிர்ச்சியும் இப்பவும் என் விரல்களுக்குத் தெரியும்.

விளைகள் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து பத்து சென்ட், ஐந்து சென்ட் என்று சுருங்கின. வெளிநாட்டுப் பணம் வந்தது. நாற்று நட ஆள் கிடைக்கவில்லை. வயல் ஒரே நாளில் மனையாகிவிடவில்லை. முதலில் வாழை வைத்தார்கள். பிறகு தென்னை. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகிற வழி அடைபட்டதும் அவரும் வாழை வைத்தார். கடைசியில் செம்மண் லாரி வந்தது. எங்கள் பங்கிலும் வந்தது. நான்தான் வரச் சொன்னேன். ஆறு சென்டில் வீடு கட்டினேன். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம். அதைத் தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மடையை மூடியது தப்பு.

2021 நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர் நின்றது. மேட்டு விளைகளில் ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. அந்த ராத்திரி, அப்பா வெட்டிவிட்ட ஓடை எந்த வழியாகப் போனது என்று நினைத்துப் பார்த்தேன். அது எங்கள் சமையல்கட்டுக்குப் பின்புறமாகப் போய், பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டின் அடியில் முடிந்தது.

தண்ணீர் வடிந்ததும் தெருவிலேயே வயதான பாட்டி ஒருத்தியை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டோம். எந்த மடை எங்கே, மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டினார். பையன்கள் நோட்டில் வரைந்தார்கள். என் பின்சுவரில் மூன்றடி இடித்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஷெட்டை உள்ளே தள்ளிக் கட்டினார். தோண்டும்போது மண்ணுக்கடியில் அந்த மடைக் கல் கிடைத்தது. அதைப் பழைய இடத்திலேயே நட்டு வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் அதைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது.

வணக்கம்.