நிலா ரோபோ செய்யப் பணம்: எதைக் குறைப்பது, யாரிடம் கேட்பது?

கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு போட்டிக்காக, நிலாத் தரையில் ஓடுகிற மாதிரி ரோபோ செய்கிறோம். கணக்குப் போட்டால் 1,80,000 ரூபாய் வருகிறது. கையில் 40,000 தான் இருக்கிறது. எதைக் குறைப்பது, மீதிக்கு எங்கே போவது?”

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன்ம்மா. ஆறு சக்கரம். ஒவ்வொன்றையும் ஓட்ட ஒரு மோட்டார், திருப்ப இன்னொன்று, ஆக பன்னிரண்டு. சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யானுக்கும் ஆறு சக்கரம்தான். ஆனால் திருப்புவதற்கென்று அதில் தனி மோட்டார் கிடையாது. இரண்டு பக்கச் சக்கரங்களின் வேகத்தை மாற்றியே அது திரும்பியது. நீங்களும் அப்படிச் செய்தால் ஆறு மோட்டார் மிச்சம். அதோடு அவற்றின் டிரைவர் போர்டு (மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகை), வயர், பேட்டரிச் சுமை எல்லாம் சேர்ந்து போய்விடும்.

மலிவான பொருளைத் தேடுவதைவிட, அந்தப் பொருளே தேவைப்படாதபடி யோசிப்பதுதான் பெரிய சிக்கனம். நம் ஊட்டி முத்தோரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம். அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்கு தெற்காகக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி சுழல்வதை ஈடுகட்ட ஒரே அச்சில் சுழற்றினால் போதும், மணிக்கணக்காக ஒரு விண்பொருளைத் தொடரலாம். பாதி இயந்திரத்தின் வேலையை மலையே செய்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி, 1970லிருந்து இயங்குகிறது. ஒரு தடவை ஆறு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், சோதனைக்கு நிலா மண் போன்ற செயற்கை மண்ணை விலைக்கு வாங்கப் போட்டிருக்கிறீர்கள். அது வேண்டாம். இஸ்ரோவே நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் சோதனை மண் தயாரித்தது. உங்களுக்கு ஜல்லி கிரஷரில் கிடைக்கிற தூசி போதும். ஆற்று மணல் மட்டும் எடுக்காதீர்கள். தண்ணீரில் உருண்டு உருண்டு அதன் முனை மழுங்கியிருக்கும். நிலாவில் ஓடுகிற தண்ணீரும் இல்லை, வீசுகிற காற்றும் இல்லை. அங்கே துகள்கள் கூராகவே இருக்கும், கிரஷர் தூசியும் அப்படித்தான்.

சரி, பணம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்கு உதவித்தொகை தருகிறது. கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள், துறைத்தலைவரிடம் இந்த வாரமே பேசுங்கள். மற்றவர்களிடம் பணமாகக் கேட்காமல் பொருளாகவும் வேலையாகவும் கேளுங்கள். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் 10,000 ரூபாய் கேட்டால் யோசிப்பார். வரைபடத்தைக் கையில் கொண்டுபோய், “அண்ணா, இந்த ஆறு சக்கரத்தைக் கடைந்து தருவீர்களா?” என்று கேட்டால், பெரும்பாலும் அன்றைக்கே மெஷினில் ஏற்றிவிடுவார். என் மாணவர்களுக்கு அப்படித்தான் நடந்தது.

ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு மோட்டார், ஒரு டிரைவர் போர்டு உபரியாக இருக்கட்டும். ஒரு வருடம் போட்டிக்கு நான்கு நாள் முன்னால் எங்கள் போர்டு எரிந்துவிட்டது. மண்சரிவில் மலைப்பாதை அடைபட்டு, கூரியர் மேலே வரவே இல்லை. பிள்ளைகள் ஓடாத ரோபோவைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போனார்கள். உபரிக்கு ஆகும் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மற்றக் கணக்கை அப்புறம் போடுங்கள்.