சிறகு இருந்ததா, சிறகு போல இருந்ததா?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குறுகலான ஒரு கல் பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே அடி தெரியாத பள்ளம். பாலத்தின் நடுவில் சாம்பல் நிற அங்கி போட்ட மந்திரவாதி கேண்டால்ஃப் நிற்கிறார். எதிரே நெருப்பும் நிழலுமாக பால்ரோக் என்கிற பூதம். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் முதல் பாகத்தில் வருகிற காட்சி இது. புத்தகம் வந்தது 1954-ல். வாசகர்கள் இன்றுவரை தீர்க்காமல் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு ஒன்று இதில் இருக்கிறது: அந்தப் பூதத்துக்குச் சிறகு உண்டா, கிடையாதா?

சிரிக்காதீர்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நம் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் கிளம்புவார்கள். இத்தனைக்கும் உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகளின் பெயர்களே இருக்கின்றன. கல்லில் வெட்டியதற்கே இந்தப் பாடு என்றால், கற்பனை உலகத்துக்கு எவ்வளவு பாடு இருக்கும்!

சிறகுக்கு வருவோம். பூதம் நின்றதும், அதைச் சுற்றியிருந்த நிழல் இரண்டு பெரிய சிறகுகள் போல நீண்டது என்று ஒரு வரி வருகிறது. கொஞ்சம் தள்ளி, அதன் சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று இன்னொரு வரி. நான் சொல்வது பொருள்தான், வார்த்தைக்கு வார்த்தை இல்லை. ஆனால் முதல் வரியில் ‘போல’ இருக்கிறது, இரண்டாவது வரியில் இல்லை. மொத்த வழக்கும் இந்த ஒரு ‘போல’வில்தான் தொங்குகிறது.

இதைத் தீர்க்க நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. ‘போல, புரைய, ஒப்ப’ என்று நன்னூல் உவம உருபுகளை அடுக்குகிறதே, பள்ளியில் ஒப்பித்திருப்பீர்கள். உருபு இருந்தால் உவமை. ஒரு கவிஞர் ‘தாமரை போன்ற முகம்’ என்று தொடங்கி, நாலு வரி தாண்டி ‘அந்தத் தாமரை வாடியது’ என்று எழுதினால், பெண்ணின் கழுத்தில் தண்டு முளைத்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. உவமையாக வந்தது உருவகமாகத் தொடர்கிறது, அவ்வளவுதான். சிறகு இல்லை என்கிற கட்சியின் வாதம் இது.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. மாலை நேரத்து மூட்டத்தில் தேயிலைச் சரிவில் பாறை போல ஒன்று தெரிகிறது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அது காட்டெருமை. தூரத்தில் ‘போல’, பக்கத்தில் அதுவேதான். இருட்டுக் குகையில் பூதம் நெருங்கி வர வர நிழல் தெளிந்து சிறகானது என்கிறார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதை உடனே தள்ளிவிட மனசு வராது.

பாலம் உடைந்ததும் பூதம் விழுந்ததே, சிறகிருந்தால் பறந்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. சொத்தை வாதம். கோழிக்கும் சிறகு இருக்கிறது. 2001-ல் வந்த படத்தில் சிறகு காட்டினார்களே என்பது அதைவிடச் சொத்தை. படம் என்பது இன்னொரு வாசகரின் தீர்ப்பு, சாட்சி ஆகாது.

என் தீர்ப்பு உருவகக் கட்சிக்கு. ஆனால் ஒன்று. எந்த வரி கிடைத்தால் என் தீர்ப்பு கவிழும் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். சிறகு சுவரில் உரசிக் கல் உதிர்ந்தது என்று ஒரு வரி இருந்தால் போதும், அன்றோடு நான் தோற்றேன். அந்தக் காட்சியில் அப்படி வரி இல்லை. எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவரோடு வாதம் செய்ய வேண்டாம். சூடான டீ ஆறிப்போவதுதான் மிச்சம்.

வாதம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கம் புத்தகத்தில் உள்ள வரி, வலப்பக்கம் உங்கள் ஊகம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் ஆறு மாதத்தில் எது வரி, எது ஊகம் என்று உங்களுக்கே தெரியாது. வரிக்குப் பக்கத்தில் அத்தியாயத்தைக் குறியுங்கள். பக்க எண் வேண்டாம், அது பதிப்புக்குப் பதிப்பு மாறும். அடுத்து, அந்த வரியை யார் கண்ணால் பார்க்கிறோம் என்று எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரில், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று டிவியில் வந்ததே, அதன் மூல நாவல்களில், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் கண்வழியே போகும். சான்சா என்கிற பெண், போர் நடந்த இரவில் ஒரு முரட்டு வீரன் தன்னை முத்தமிட்டதாக 2000-ல் வந்த மூன்றாம் பாகத்தில் நினைத்துக்கொள்கிறாள். 1998-ல் வந்த இரண்டாம் பாகத்தைப் புரட்டி அந்த இரவைப் படித்தால் முத்தமே இல்லை! அச்சுப்பிழை அல்ல. அவள் நினைவு தப்புகிறது, ஆசிரியர் தெரிந்தே செய்தது. நோட்டில் ‘சான்சாவின் நினைவு’ என்று குறிக்காதவர் அந்த முத்தத்தின் மேல் மாளிகை கட்டிவிடுவார்.

பதிப்பு என்றேனே, அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ 1937-ல் வந்தது. பில்போ என்கிற குள்ளன் குகைக்குள் கோல்லம் என்கிற பிராணியோடு விடுகதைப் போட்டி போடுகிறான். நம் பாட்டிகள் போடுகிற விடுகதை மாதிரியேதான். முதல் பதிப்பில், தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருகிறேன் என்று கோல்லமே பந்தயம் வைக்கிறது. தோற்றுப்போய், மோதிரத்தைத் தேடினால் காணோம், அது ஏற்கெனவே பில்போவின் பையில். மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வெளியே போகும் வழியைக் காட்டிவிடுகிறது. ரொம்ப மரியாதையான பிராணி!

பிற்பாடு ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்கிற பெரிய நாவலை எழுதும்போது சிக்கல். அதே மோதிரம் அங்கே உலகத்தையே அடிமைப்படுத்தும் மோதிரம். கையில் வைத்திருப்பவன் தானாக விட்டுக்கொடுக்கவே மாட்டான். அதையா கோல்லம் பரிசாக வைத்தது? டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதி 1947-ல் பதிப்பாளருக்கு மாதிரிக்கு அனுப்பினார். பிறகு ஒரு நாள் அச்சுப்படி வருகிறது, பார்த்தால் மாதிரி அப்படியே புத்தகத்துக்குள் ஏறியிருக்கிறது. 1951-ன் இரண்டாம் பதிப்பு அப்படி வந்தது. இதில் கோல்லம் பந்தயம் வைப்பது வழி காட்டுவதற்குத்தான். தோற்றதும் ஆளைத் தின்னப் பார்க்கிறது, திருடன் திருடன் என்று கத்துகிறது.

சரி, பழைய பதிப்பு ஏற்கெனவே ஜனங்கள் கையில் இருக்கிறதே, அதை என்ன செய்வது? பெரிய நாவலின் முன்னுரையில் ஒரு போடு போட்டார் பாருங்கள்: முதலில் சொன்ன கதை பில்போ சொன்ன பொய். மோதிரம் தனக்கு நியாயமாக வந்தது என்று காட்டப் புளுகினான். அந்தப் புளுகே மோதிரத்தின் கெட்ட வேலைக்குச் சாட்சி. ஆசிரியரின் தடுமாற்றம் கதைக்குள்ளேயே ஆதாரமாகிவிட்டது! ஆகவே வாதத்துக்கு முன் புத்தகத்தின் உள்பக்கத்தைத் திருப்பி எந்தப் பதிப்பு என்று பாருங்கள். உங்கள் கையில் 1937, எதிராளி கையில் 1951 என்றால் இருவரும் வெவ்வேறு கோல்லத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

அடுத்து தூரம். இந்த நாவல்களோடு வரைபடம் வரும். வானொலியில் காட்ட முடியாது, தேவையும் இல்லை. ஸ்கேல் வைத்து அளந்து, ‘இவன் மூன்று நாளில் அங்கே போயிருக்க முடியாது, ஆகவே மந்திரம்’ என்று ஒரு ஊகம் கிளம்பும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. கூடலூர் சுற்றிப் போனால் இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்கேலுக்கு இந்த இரண்டு வழியும் தெரியாது. சமவெளியில் மாட்டு வண்டிகளோடு போகிற படை ஒரு நாளில் 15, 20 கிலோமீட்டர் போனால் அதிகம். மலையில் அதுவும் இல்லை. முதலில் எந்தப் பாதை, எவ்வளவு சுமை என்று பாருங்கள். மந்திரத்தைக் கடைசியில் கூப்பிடலாம். டோல்கீனுக்கே இதில் தலைவலி வந்திருக்கிறது. அவருடைய நிலா ஓரிடத்தில் உதிக்கிற அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைகிறது என்று 1944-ல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார். அதைச் சரிசெய்ய அத்தியாயங்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

ஊகத்தின் மேல் ஊகம் அடுக்குவதும் ஆபத்து. ஊட்டியிலிருந்து குன்னூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இன்னொன்று, அங்கே ரயில். ஒவ்வொன்றும் கிடைக்கப் பத்துக்கு ஏழு வாய்ப்பு என்றால் மூன்றும் கிடைக்க மூன்றில் ஒரு பங்குதான் வரும். மூன்று ஊகத்தில் நிற்கும் கொள்கைக்கும் அதே கணக்கு.

மந்திரத்தைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். பருவங்களை ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டினின் உலகில் குளிர்காலம் வருஷக்கணக்கில் நீளும், எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. கிரகம் சாய்ந்து ஆடுகிறது, இரண்டு சூரியன் இருக்கிறது என்று வானியல் ஊகங்கள் ஏராளம். அந்த உழைப்பைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அதற்கு விளக்கம் மந்திரம்தான், விஞ்ஞானம் அல்ல என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். நம் குறிஞ்சியாவது 2006, 2018 என்று பன்னிரண்டு வருஷக் கணக்கு வைத்துக்கொண்டு பூக்கிறது. அங்கே கணக்கே இல்லை.

எந்த மந்திரமானாலும் நோட்டில் மூன்று கேள்வி எழுதுங்கள். என்ன செய்யும்? என்ன செய்யாது? என்ன விலை? வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்கலாம் என்று பிராண்டன் சாண்டர்சன் என்கிற மந்திரக் கதை எழுத்தாளர் ஒரு விதி சொல்கிறார். செய்ய முடியாதது எது என்பதுதான் செய்ய முடிந்ததைவிடச் சுவை என்பது அவருடைய இரண்டாவது விதி. டோல்கீனின் மோதிரத்தையே எடுங்கள். போட்டவனை மறைக்கும். நிழலை முழுக்க மறைக்காது, வெயிலில் மெல்லிசாக விழும். விலை ஆயுள். குறையாது, நீளும், ஆனால் இளைத்துப்போய் நீளும். நிறைய ரொட்டிக்குக் கொஞ்சம் வெண்ணெயைத் தேய்த்தது போல இருக்கிறது என்று பில்போ சொல்வான்.

அங்கேயும் ஒரு ‘போல’. அதற்கு யாரும் சண்டை போட்டதில்லை. வணக்கம்.