பூ இருக்கு, காம்பு எங்கே? குமரி மாவட்டத்தில் ஜாடிக்குப் பூ வளர்ப்பது

[காட்சி: தோவாளை பூச்சந்தை. சாக்கை அவிழ்த்து மஞ்சள் கிரேந்தியை (செண்டுமல்லியை)க் கொட்டுகிறார்கள். தராசு.]

வணக்கம். தோவாளைச் சந்தையில் பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கிரேந்தி, சிவந்தி, வாடாமல்லி, கோழிப்பூ என்று கேட்ட பூ எல்லாம் கிடைக்கும், ஓணம் நெருங்கினால் இங்கிருந்துதான் கேரளத்துக்கு வண்டி வண்டியாகப் போகும். ஆனால் வீட்டு ஜாடியில் வைக்க ஒரு கை பூ வேண்டும் என்று அங்கே போய்ப் பாருங்கள். ஸ்டெம்பு ரோஸ் மாதிரி ஒன்றிரண்டை விட்டால் எதிலும் காம்பு இருக்காது. எடை போட்டு விற்கிற பூ, மாலைக்கும் சரத்துக்கும் அத்தப்பூக்களத்துக்கும் கிள்ளிய பூ, அதற்குக் காம்பு எதற்கு? 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம தோவாளை மாணிக்கமாலையில் அரளி இருக்கும், நொச்சி இலை இருக்கும், காம்புக்கு மட்டும் அங்கே இடமே இல்லை.

ஜாடிக்குக் கணக்கு வேறு. பூ கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, காம்பு ஒரு முழமாவது வேண்டும், வளையாமல் நிற்க வேண்டும். அதனால் செடி ஒன்றே என்றாலும் வளர்க்கிற விதம் மாறும். அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: விதை பாக்கெட்டின் பின்பக்கம், உயரம் அச்சிட்ட இடம்.]

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பாக்கெட்டில் மூன்று அடி வளரும் என்று போட்டிருக்கிறான், எங்கள் வீட்டில் ஒன்றரை அடியிலேயே மொட்டு வைத்துவிட்டது என்று நிறைய பேர் சொல்வார்கள். விதையைக் குறை சொல்வதற்கு முன் நாம் இருக்கிற இடத்தைப் பாருங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில் இருக்கிறோம், வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியேதான் இருக்கும், கூடினாலும் குறைந்தாலும் அரை மணி நேரம், அவ்வளவுதான். சிவந்தி, கோழிப்பூ, காஸ்மாஸ் எல்லாம் பகல் குறைந்தால் பூக்கிற ரகம். ஐரோப்பாவில் கோடைக்காலப் பகல் 15, 16 மணி நேரம் நீள்வதால் அங்கே அந்தச் செடி உயரமாக வளர்ந்துவிட்டு அப்புறம் பூக்கும். இங்கே அதற்குக் காத்திருக்க அவசியமே இல்லை, கொஞ்சம் வளர்ந்ததும் பூத்துவிடும். சிவந்தியைக் கொய்மலராக, அதாவது காம்போடு வெட்டி விற்க, வளர்ப்பவர்கள் ராத்திரியில் பல்பு எரியவிடுவது அதனால்தான், பகல் நீண்டிருக்கிறது என்று செடியை நம்பவைத்துக் காம்பை வளர்த்துக்கொள்கிறார்கள்.

நம் வீட்டில் பல்பு எல்லாம் போட வேண்டாம். செடி சின்ன வயதில் தடைபடாமல் வளர்ந்தால் போதும். கோழிப்பூ நாற்றைச் சின்னத் தட்டில் ஆறேழு வாரம் காயப்போட்டு வைத்தால் அங்கேயே விரல் உயரத்தில் கொண்டை வைத்துவிடும், அதற்கு அப்புறம் தரையில் நட்டு உரம் கொட்டினாலும் பெரிதாக உயராது. நாலைந்து இலை வந்ததும் எடுத்து நட்டுவிடுங்கள், முதல் மாதம் தண்ணீரும் தொழுவுரமும் குறையக் கூடாது.

சரி, எப்போது விதைப்பது? வெளிநாட்டு வீடியோக்களில் கடைசி உறைபனி என்று ஒரு தேதி சொல்வார்கள், அதை நாம் மறந்துவிடலாம். நமக்குக் கணக்கு மழைதான். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு, இரண்டும் நம் மாவட்டத்துக்கு உண்டு. சின்னியா மாதிரி ஈரம் பிடிக்காத செடியைக் கார்த்திகைக் கடைசியில், மழை விடத் தொடங்கும்போது விதைத்தால், கும்பப்பூ நெல் முற்றுகிற மாசி மாதத்தில் இங்கே பூ வெட்டலாம். ஓணத்துக்கு வேண்டும் என்றால் வாடாமல்லியையும் கோழிப்பூவையும் மே மாதமே விதைக்க வேண்டும், இரண்டும் விதையிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும். கிரேந்தி இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

[காட்சி: ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுகின்றன.]

அப்புறம் காற்று. ஆரல்வாய்மொழி, தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். காற்றில் சாய்ந்த செடி மறுபடி மேல்நோக்கி வளைந்து வளரும், அந்த வளைந்த காம்பு ஜாடியில் நேராக நிற்காது. நாற்று நட்ட அன்றே பாத்தியின் நாலு மூலையிலும் நடுவிலும் கம்பு ஊன்றி, முழங்கால் உயரத்தில் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஒரு சாண் கட்டங்கள் வருகிற மாதிரி செய்துவிடுங்கள். செடி அந்தக் கட்டத்துக்குள் ஏறி வளரும். சாய்ந்ததற்கு அப்புறம் கம்பு கட்டுவது வீண் வேலை.

இடைவெளியும் முக்கியம். அழகுக்கு வளர்க்கும்போது செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுவோம், அது பக்கவாட்டில் புதர் கட்டும். காம்பு வேண்டும் என்றால் முக்கால் அடி போதும், நெருக்கத்தில் வெளிச்சத்தைத் தேடி மேலே போகும். சூரியகாந்தியை இன்னும் நெருக்கி அரை அடியில் நட்டால், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வர வேண்டிய பூ உள்ளங்கை அளவில் வரும், ஜாடிக்கு அதுதான் அளவு. ஆனால் ஒரே காம்பு விடுகிற சூரியகாந்தி ரகத்தில் ஒரு செடிக்கு ஒரு பூதான், வெட்டினால் கதை முடிந்தது. எனவே பத்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

[காட்சி: நெருக்கத்தில், சின்னியாச் செடியின் நுனி. கத்தரிக்கோல்.]

இப்போது பலருக்கும் மனசு வராத வேலை. சின்னியா ஒரு அடி வளர்ந்து, நடு மொட்டு எட்டிப்பார்க்கிற நேரத்தில் நுனியை வெட்ட வேண்டும். கீழே மூன்று, நாலு ஜோடி இலையை விட்டுவிட்டு மேலே உள்ளதை எடுத்துவிடுங்கள். மொட்டு போகிறதே என்று வீட்டில் யாராவது சத்தம் போடுவார்கள், போடட்டும். ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் ஒரு கிளை நேராக மேலே வரும், ஒற்றைப் பூவுக்குப் பதில் ஆறு எட்டு நீளக் காம்பு கிடைக்கும். வாடாமல்லிக்கும் காஸ்மாஸுக்கும் இதே மாதிரி கிள்ளலாம். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பெரிய கொண்டை வைக்கிற கோழிப்பூவைக் கிள்ளக் கூடாது, ஒற்றைக் காம்பு சூரியகாந்தியையும் கிள்ளக் கூடாது.

பூ வந்ததும் எங்கே வெட்டுகிறோம் என்பது அடுத்தது. பூவுக்குக் கீழே நாலு விரல் விட்டு வெட்டுகிற பழக்கம் நம் கையில் ஊறிப்போனது. சின்னியாவில் கீழே இறங்கி, அடிப்பக்கத்து ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்த ஜோடியிலிருந்து அடுத்த இரண்டு காம்பு வரும், அதுவும் நீளமாகவே வரும். மேலாக வெட்டினால் அடுத்து வருவதும் குட்டையாகவே இருக்கும்.

பூ வெட்டுப்பதம் ஆகிவிட்டதா என்று பார்க்க, பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தலை மட்டும் தனியாகத் துவண்டு ஆடினால் இன்னும் ஆகவில்லை, அதை வெட்டினால் ஜாடியில் வைத்த சாயங்காலமே தொங்கிவிடும். காம்பு முழுக்க விறைப்பாக ஒன்றாக அசைந்தால் வெட்டலாம். இது சின்னியாவுக்குத்தான், எல்லாப் பூவுக்கும் இல்லை. சூரியகாந்தியை இதழ் நடுத்தட்டிலிருந்து எழும்பத் தொடங்கும்போதே எடுக்க வேண்டும், காஸ்மாஸை விரிவதற்குச் சற்று முன்பு. சம்பங்கியில் அடியில் உள்ள இரண்டு மூன்று பூ மலர்ந்ததும் வெட்டினால் மிச்சம் ஜாடியில் மலரும், கீழே வாடுவதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டே வாருங்கள். மாலைக்கு ஒற்றை இதழ்ச் சம்பங்கி, ஜாடிக்கு அடுக்குச் சம்பங்கி, கிழங்கு வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

[காட்சி: தென்னைகளுக்கு நடுவே ஹெலிகோனியா. சிவப்பு மடல்கள்.]

வெயில் இல்லையே, வீட்டைச் சுற்றி விளை முழுக்கத் தென்னையும் பலாவுமாக நிற்கிறதே என்கிறவர்களுக்கு, குறிப்பாகக் குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு, உண்மையில் அதிர்ஷ்டம் அதிகம். ஹெலிகோனியா தென்னை நிழலில் வாழை மாதிரியே கட்டை வைத்துக் கூட்டமாக வளரும், ஒரு துண்டு கிழங்கு நட்டால் போதும், அப்புறம் அதை அடக்குவதுதான் வேலை. ஒரு தண்டு ஒரு தடவைதான் பூக்கும், அதனால் பூவோடு அடிவரை வெட்டிவிடலாம், பக்கக்கன்று வந்துகொண்டே இருக்கும். வெட்டின பிறகு இதன் மடல் ஒன்றுகூட மேற்கொண்டு விரியாது, மொட்டாக வெட்டி வந்து காத்திருப்பது வீண், இரண்டு மூன்று மடல் விரிந்த பிறகே கத்தியை எடுங்கள்.

ஹெலிகோனியாவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்தப் படகு மாதிரி மடலுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும், அதற்குள் எறும்பு, கொசுப்புழு எல்லாம் குடியிருக்கும். வாளித் தண்ணீரில் தலைகீழாக முக்கி நாலு தடவை அலசி, கவிழ்த்துத் தட்டிவிட்டு எடுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம், குளிரில் கறுத்துவிடும்.

ஆந்தூரியத்துக்கு நிழல் இன்னும் அதிகம் வேண்டும், முக்கால் பங்கு நிழல். மண்ணே வேண்டாம், தேங்காய்த் தொண்டு (மட்டை)த் துண்டும் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் போட்ட தொட்டி போதும். மெதுவாகத்தான் பூக்கும், ஆனால் ஒரு பூ இரண்டு வாரத்துக்கு மேலேயும் நிற்கும்.

இலையை விட்டுவிடாதீர்கள். ஜாடியில் பாதி இடம் இலைக்குத்தான், அதைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். குரோட்டன்ஸ், மஞ்சள் இலை, கிணற்றோரத்துப் பெரணி, திருநீற்றுப்பச்சை, நொச்சி, கமுகம்பாளை பிரியும்போது வருகிற அந்தப் பூங்குலை. கல்யாண வீட்டில் நிறைநாழியில் வைக்கிற கமுகம்பூவைத் தனியாக ஒரு மண்குடத்தில் வைத்துப் பாருங்கள், வேறு எதுவும் தேவைப்படாது.

[காட்சி: காலை. வாளியில் பாதித் தண்ணீர். காம்பிலிருந்து இலைகளை உருவுகிற கை.]

வெட்டுகிற நேரம் விடிகாலை அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வாளியைச் செடியடிக்கே கொண்டுபோங்கள். வெட்டின காம்பு வெறும் காற்றை உறிஞ்சினால் உள்ளே நீர்க்குழாயில் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் ஏறாது. தண்ணீருக்குள் மூழ்குகிற பகுதியில் ஒரு இலைகூட இருக்கக் கூடாது, அது அழுகித்தான் தண்ணீர் நாறுகிறது, அந்தக் கிருமி காம்பை அடைக்கிறது. வாளியோடு நிழலில் மூன்று நாலு மணி நேரம் வைத்துவிட்டு, நுனியை மறுபடி சாய்வாக வெட்டி ஜாடியில் வையுங்கள்.

தண்ணீரில் என்ன போடுவது? ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் துணிக்குப் போடுகிற சாதாரண பிளீச் திரவம். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, எலுமிச்சை தண்ணீரைச் சுலபமாக ஏறவைக்கும், பிளீச் கிருமிக்கு. இதெல்லாம் கைவசம் இல்லையென்றால் தினமும் தண்ணீர் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. சின்னியாவும் கிரேந்தியும் தண்ணீரைச் சீக்கிரம் கலக்கிவிடும், அவற்றுக்கு இது கட்டாயம்.

பூவைத் தாங்க அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் வேண்டாம் என்பது என் கட்சி. அது ஒருவகைப் பிளாஸ்டிக், பொடிந்து மண்ணில் கிடக்குமே தவிர மக்காது. கோழிக்கூட்டு வலையில் ஒரு துண்டைச் சுருட்டி ஜாடிக்குள் திணித்தால் போதும். ஒரு நாள் விசேஷத்துக்கு என்றால், குலை வெட்டின வாழையின் தண்டில் ஒரு சாண் நறுக்கி, ஈர்க்கிலால் துளை போட்டுச் செருகலாம், அதிலேயே ஈரம் இருக்கிறது.

இன்னொன்று, நம் வீடுகளில் மட்டிப் பழக்குலையைத் திண்ணையிலோ அடுக்களையிலோ தொங்கவிட்டிருப்போம். அதன் பக்கத்தில் ஜாடியை வைக்காதீர்கள். பழுக்கிற வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், பூவையும் அது சேர்த்து முதுமையாக்கி உதிர்த்துவிடும். அரளி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதன் பாலும் இலையும் மட்டுமில்லை, அது நின்ற ஜாடித் தண்ணீரும் விஷம். குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள், இல்லை அரளியை மாலைக்கே விட்டுவிடுங்கள். செம்பருத்தி அழகுதான், ஒரே நாளில் சுருண்டுவிடும், ஜாடிக்கு அது சரிவராது.

[காட்சி: வெள்ளைத்தாளில் கோழிப்பூவைத் தட்டுகிறார்கள். கறுப்பு விதைகள் உருள்கின்றன.]

வாடாமல்லியையும் கோழிப்பூவையும் காம்போடு கட்டித் தலைகீழாக, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் நிறம் போகாமல் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் செய்தால் பூசணம் பிடிக்கும், பங்குனி வெக்கையில் செய்யுங்கள். விதை வேண்டும் என்றால் பாத்தியில் நல்ல நீளக் காம்பு விட்ட செடி ஒன்றை வெட்டாமல் முற்ற விட்டு, கோழிப்பூவைத் தாளில் தட்டினால் பளபளவென்று கறுப்பு விதை கொட்டும். கலப்பின ரகம் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் மட்டும் அதன் விதையை எடுத்துவைக்க வேண்டாம், அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. நாட்டு ரகத்தை எடுத்துக் காயவைத்து, வருஷத்தை எழுதி ஒட்டி, மூடி இறுகிய பாட்டிலில் போட்டு வையுங்கள், அடுத்த மே மாதம் வேண்டும்.